குடியிருப்போர் தேவையும் விருப்பமும்: நிலைபேறுடைய பொது வீடமைப்புத் திட்டமிடலில் மலேசிய, சிங்கப்பூர் அனுபவங்கள்

முன்னுரை

வாழிடத்தைக் குறிக்கத் தமிழில் இல், மனை, அகம், குடி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘இல்’லும் ‘மனை’யும் இல்லாளையும் குறிக்கும், ‘அகம்’ உள்ளத்தையும் குறிக்கும், ‘குடி’ என்பது குடும்பத்தையும் அதன் வழிமரபையும் சேர்த்தே உணர்த்தும். வீட்டை அதில் வாழ்வோரிடமிருந்து பிரித்துப் பார்க்காத ஒரு மரபை இச்சொற்கள் காட்டுகின்றன. நிலத்தையும் அதில் வாழும் மக்களின் உணவு, தொழில், தெய்வம், மரம், பறவை ஆகியவற்றையும் ஒருங்கே வைத்துத் திணை வகுத்த தொல்காப்பியரின் பார்வையும் இத்தகையதே ஆகும்.

இதற்கு மாறாக, இருபதாம் நூற்றாண்டின் பொது வீடமைப்பு பெரும்பாலும் எண்ணிக்கையின் மொழியிலேயே பேசப்பட்டது. எத்தனை வீடுகள், எத்தனை சதுர அடி, எத்தனை ரிங்கிட் அல்லது வெள்ளி என்பனவே அதன் வினாக்களாக இருந்தன. வீடற்றோர் பெருகியிருந்த காலத்தில் அவ்வினாக்கள் இன்றியமையாதனவாக இருந்தன என்பதை மறுக்க இயலாது. எனினும், கட்டப்பட்ட வீடு முப்பது நாற்பது ஆண்டுகள் பயன் தரவேண்டுமாயின், அதில் வாழப்போவோருக்கு எது தேவை, எதை அவர்கள் விரும்புகின்றனர் என்னும் வினாக்களும் திட்டமிடலின் தொடக்கத்திலேயே எழுதல் வேண்டும். அவ்வாறு எழுப்புவது எங்ஙனம், அதன் பயனும் வரம்பும் யாவை என்பவற்றை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையும் விருப்பமும்

அன்றாடப் பேச்சில் தேவை, விருப்பம் ஆகிய இரண்டையும் நாம் ஒன்றாகவே வழங்குகின்றோம். திட்டமிடலில் இவை வேறுபடுத்தப்பட வேண்டியவை. தூய்மையான குடிநீர், காற்றோட்டம், தீயிலிருந்து தப்பும் வழி, முதியவர் ஏறக்கூடிய படி என்பன தேவைகள். இவை பெரும்பான்மை வாக்கினால் முடிவு செய்யப்பட வேண்டியவை அல்ல. ஒருவருக்கு மட்டும் தேவைப்பட்டாலும் தேவையே. கூடம் பெரிதாக இருக்க வேண்டுமா, சமையலறை பெரிதாக இருக்க வேண்டுமா என்பது விருப்பம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதால் இங்கு மக்களின் தேர்வு முதன்மை பெறுகின்றது.

ஜப்பானிய அறிஞர் நொரியாக்கி கானோ 1984இல் முன்வைத்த ஒரு பகுப்பு இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்குகின்றது. பொருளின் இயல்புகளுள் சில, இருந்தால் யாரும் பாராட்டாதவை. இல்லையெனில் அனைவரும் வெறுப்பவை. சில, கூடக்கூட மனநிறைவைக் கூட்டுபவை. வேறு சில, எவரும் எதிர்பாராதவை. கிடைத்தால் மகிழ்ச்சி தருபவை. வீடமைப்பில் இயங்கும் மின்தூக்கி முதல் வகையைச் சார்ந்தது. அது பழுதடையாத வரையில் எந்த ஆய்விலும் அதைப் பற்றி எவரும் எழுதமாட்டார்கள். ஆகவே, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்டுத் திரும்பும் ஆய்வாளர், மிகவும் அடிப்படையான தேவைகளைத் தவறவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது இடர் இன்னும் ஆழமானது. நீண்ட காலம் வறுமையில் வாழ்ந்தோர் தங்கள் விருப்பங்களையே சுருக்கிக்கொள்கின்றனர் என்பதைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளார். கிடைக்காது என்று தெரிந்ததை மனம் விரும்புவதை நிறுத்திவிடுகின்றது. இதனை விளக்க நூல்களை நாட வேண்டியதில்லை. இக்கட்டுரையாளரின் குடும்ப அனுபவமே போதுமானது.

1990களின் நடுப்பகுதியில் நாங்கள் வாழ்ந்த தோட்டம் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது, எங்கள் குடும்பம் ஐந்து மாடி மலிவு விலை அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடிக்குக் குடிபெயர்ந்தது. அக்கட்டடத்தில் மின்தூக்கி இல்லை. விண்ணப்பப் படிவத்தில் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையும் மாத வருமானமும் கேட்கப்பட்டிருந்தன; பாட்டியின் முழங்கால் பற்றிக் கேட்க அதில் இடமில்லை. லயத்து வீட்டின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்து, நாளெல்லாம் வாசலில் அமர்ந்து அண்டை வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்த அவர், அதன்பின் மாதத்திற்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் செல்ல மட்டுமே கீழே இறங்கினார். அவர் மறைந்தபோது, படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை ஏறத்தாழ நிமிர்த்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. மாமாமார் நால்வர் வியர்வையும் கண்ணீருமாக அதைத் தாங்கி நின்ற காட்சி இன்றும் மறக்கவில்லை. ஆயினும், வீடு கொடுப்பதற்கு முன்பு யாரேனும் பாட்டியிடம் வந்து கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். “குடுக்கறத வாங்கிக்கணும்ப்பா” என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிய சொல். கேட்பது மட்டும் போதாது. கேட்கும் முறையும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

மலேசியத் தமிழர்களின் வீட்டு வரலாறு தோட்ட லயங்களிலிருந்து தொடங்குகின்றது எனலாம். லயம் தொழிலாளியின் விருப்பத்தினால் அமைந்ததன்று. நிருவாகத்தின் வசதிக்காக அமைந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது அதன் அடிப்படை விதி. இருப்பினும் கோயில், தமிழ்ப்பள்ளி, காய்கறித் தோட்டம், ஆடு மாடுகள், உறவினர் வீடுகள் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் நகர் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மறைந்தபோது, கூலிக்கு இணையாக அக்கட்டமைப்பும் சிதைந்தது. பலர் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் குடியேறினர். அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர்.

இம்மாற்றத்தின் முதன்மைக் கருவியாக அமைந்தது 1998இல் தொடங்கப்பட்ட மக்கள் வீடமைப்புத் திட்டமாகும். பொதுமக்கள் இதனைப் ‘பி.பி.ஆர்.’ என்றே அழைக்கின்றனர். மூன்று படுக்கையறைகளும் ஏறத்தாழ 700 சதுர அடிப் பரப்பும் கொண்ட வீடு, கோலாலம்பூரில் மாதம் 124 ரிங்கிட் வாடகை, தீபகற்ப மலேசியாவில் 35,000 ரிங்கிட் விற்பனை விலை என்பன அதன் தொடக்ககால நிர்ணயங்களாக இருந்தன. இரண்டு அறை வீடுகளில் நெருக்கடியாக வாழ்ந்தோருக்கு இது ஒரு முன்னேற்றமே. குறைந்த வருமானமுடையோருக்குத் தலைநகரிலேயே தங்க இடம் அளித்ததும் போற்றத்தக்கது. ஆனால், ஒரே வரைபடம் நாடெங்கும் பயன்படுத்தப்பட்டது. மூவர் குடும்பத்துக்கும் எண்மர் குடும்பத்துக்கும், மூன்றாம் மாடிக்கும் பதினேழாம் மாடிக்கும் அதே வீடே வழங்கப்பட்டது.

இதன் விளைவுகளை 2018இல் யுனிசெஃப் நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று ஓரளவு வெளிக்கொணர்ந்தது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பகுதிகளில் 17 மலிவு விலை அடுக்ககங்களைச் சேர்ந்த 966 குடும்பங்களிடம் அது நடத்தப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 23 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். வளர்ச்சிக் குறைவும் உடற்பருமனும் ஒரே குடியிருப்பில் காணப்பட்டமை பலரையும் அதிர்ச்சியுறச் செய்தது. வறுமையே இதன் முதற்காரணம் என்பது உண்மை. எனினும், விளையாட இடமில்லாமை, சத்தான உணவு வாங்கும் கடை அருகில் இல்லாமை, பிள்ளைகளை வெளியே விட அஞ்சும் நிலை ஆகியவை வீடமைப்புத் திட்டத்தோடு தொடர்புடைய வினாக்களே ஆகும்.

அதே ஆண்டு ஜனவரியில், தலைநகரின் பந்தாய் டாலாம் பகுதியிலுள்ள மக்கள் வீடமைப்புத் திட்டம் ஒன்றில், மேலிருந்து வீசப்பட்ட நாற்காலி விழுந்து பள்ளி மாணவன் ஒருவன் உயிரிழந்தான். வீசியவரின் குற்றத்தை எந்தக் கட்டட ஆய்வும் மன்னிக்க முடியாது. ஆனால், உடைந்த நாற்காலி, பழைய மெத்தை போன்ற பருமனான கழிவுகளை உயர்மாடியில் வாழும் ஒரு குடும்பம் எங்கே, எவ்வாறு கொண்டு சேர்க்க வேண்டும் என்பது வரைபடம் தீட்டப்படும்போதே விடை காணப்பட வேண்டிய தேவையன்றோ?

சிங்கப்பூர் கற்றதும் கற்பிப்பதும்

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் நிறுவப்பட்டது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அவசரத் தேவையை முன்னிட்டுச் சிறிய வீடுகள் விரைவாகக் கட்டப்பட்டன. 1964இல் வீட்டுரிமைத் திட்டமும், 1968இல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கும் வசதியும் வந்தன. அதே 1968ஆம் ஆண்டில் மற்றொரு செயலும் தொடங்கியது. குடியிருப்போரிடையே மாதிரிக் குடும்ப ஆய்வு நடத்தி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் தொடர்ந்தமையே அது. குடும்ப அளவு சுருங்குவதையும் முதியோர் பெருகுவதையும் பெற்றோர் அருகில் வாழப் பிள்ளைகள் விரும்புவதையும் இவ்வாய்வுகள் பதிவு செய்துள்ளன. முதியோருக்கான சிறு வீடுகள், பெற்றோருக்கு அருகில் வீடு வாங்குவோருக்கு 2015இல் அறிமுகமான மானியம் ஆகியவற்றை இவற்றோடு சேர்த்து நோக்குதல் தகும். மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு, முதியோர் வீடுகள் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் இணைத்த கம்போங் அட்மிரல்டி, 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவின் உயரிய விருதைப் பெற்றது.

வாக்கெடுப்பு முறையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பழைய கட்டடங்களில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுள் குறைந்தது 75 விழுக்காடு இசைவளித்தால் மட்டுமே பணி நடைபெறும் என விதிக்கப்பட்டது. செலவில் ஒரு பகுதியைக் குடியிருப்போர் ஏற்க வேண்டியிருந்ததால் இசைவு பெறுவது நியாயமே. ஆயினும், முன்னர்க் கூறிய வேறுபாடு இங்கு மீண்டும் எழுகின்றது. சக்கர நாற்காலியில் வாழும் ஒருவருக்கு மின்தூக்கி தேவை. கீழ்த்தளத்தில் வாழும் இளைஞருக்கு அது விருப்பமும் அன்று. தேவையை வாக்கினால் அளப்பதன் சிக்கல் இதுவேயாகும்.

மக்கள் விருப்பத்தை அரசு வேண்டுமென்றே மறுத்த எடுத்துக்காட்டும் உண்டு. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு வட்டாரத்திலும் கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் இருக்கக்கூடிய உச்ச விகிதத்தை நிர்ணயித்தது. இன அடிப்படையில் சேரிகள் உருவாவதைத் தடுப்பதே அதன் நோக்கம். இந்தியர், பிறர் ஆகியோருக்கான வரம்பு 2010இல் வட்டாரத்தில் 12 விழுக்காடாகவும் கட்டடத்தில் 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. கட்டடத்தில் வரம்பு நிறைந்துவிட்ட வேறோர் இனத்தவருக்கு வீட்டை விற்க முடியாத சிறுபான்மையினர், வாங்குவோர் குறைவதால் விலையில் இழப்புக்கு உள்ளாயினர். சமுதாய நன்மை என்னும் தேவையின் சுமை அனைவர் மீதும் சமமாக விழுவதில்லை என்பதை இது காட்டுகின்றது. விருப்பத்தை மறுக்கும் திட்டம் எதுவாயினும், அதனால் இழப்போர் யாவர் என்பதையும் கணக்கிட்டு ஈடுசெய்தல் வேண்டும்.

கேட்கும் முறை

குடியிருப்போரின் குரலைக் கட்டடத்தின் இயல்பாக மாற்றுவதற்கு ஒழுங்கான முறைகள் உள்ளன. ஜப்பானில் 1960களின் பிற்பகுதியில் யோஜி அக்காவோ உருவாக்கிய தரப் பணி விரிவாக்க முறை அவற்றுள் ஒன்று. பொருள் உற்பத்திக்காக எழுந்த இம்முறையை வீடமைப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம். இதில், பயனீட்டாளர் தம் சொற்களில் கூறுவன இடப்பக்கம் நிரலாக எழுதப்படும். அவற்றை நிறைவு செய்யும் தொழில்நுட்ப இயல்புகள் மேற்பக்கம் எழுதப்படும். எந்த இயல்பு எந்தக் குரலுக்கு எவ்வளவு விடையளிக்கின்றது என்பது இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மதிப்பிடப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘துணி காய்வதில்லை’ என்று ஓர் இல்லத்தரசி கூறுகின்றார். இது வெயில் விழும் நேரம், காற்று வீசும் திசை, கொடியின் நீளம் என்னும் அளவைகளாக மாறும். ‘சமைத்தால் புகை வீட்டுக்குள்ளேயே நிற்கின்றது’ என்பது வெளிச்சுவரில் சமையலறைச் சன்னல், எதிரெதிர்க் காற்றோட்டம் என மாறும். ‘பிள்ளையை விளையாட விடப் பயமாக இருக்கின்றது’ என்பது நடைபாதையிலிருந்து விளையாட்டிடம் கண்ணுக்குத் தெரிகின்றதா என்னும் வினாவாக மாறும். இவற்றுள் முதலிரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு: கட்டடத்தின் திசையையும் திறப்புகளையும் சரியாக அமைத்தல். அதே விடை குளிர்சாதனப் பயன்பாட்டையும் மின்கட்டணத்தையும் குறைக்கின்றது. மக்களின் தேவையும் சூழலியல் நன்மையும் முரண்பட்டே தீரும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று.

முரண்பாடு எழும் இடங்களும் உண்டு. வாகன நிறுத்துமிடத்தைக் கூட்டினால் மரநிழல் குறையும். அத்தகைய இடத்தில் ‘இது வேண்டுமா?’ என ஒவ்வொன்றாகக் கேட்டால் அனைத்துக்கும் ‘வேண்டும்’ என்றே விடை வரும். மாறாக, ஒவ்வொருவரிடமும் நூறு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, வசதிகளைக் குறிக்கும் கிண்ணங்களில் பகிர்ந்து இடச்செய்தால், எதை விட்டு எதைப் பெற விரும்புகின்றனர் என்பது புலப்படும். எழுதப் படிக்க அறியாதவரும் கூச்சமுடையவரும் இதில் பங்குபெற இயலும். அவரவர் தாய்மொழியிலும், பெண்களிடமும் முதியோரிடமும் சிறுவரிடமும் தனித்தனியேயும் நடத்துதல் நலம். என் பாட்டியைப் போன்றோரிடம் விருப்பத்தைக் கேட்பதைவிட, ஒரு நாள் முழுவதும் அவர் எங்கே அமர்கின்றார், எத்தனை முறை படியேறுகின்றார், யாருடன் பேசுகின்றார் என உடனிருந்து காண்பதே மேலான ஆய்வாகும்.

நிலைபேற்றின் மறுபக்கம்: பராமரிப்பு

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் எழுந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பில் பதினொரு மாடிக் கட்டடங்கள் 33 இருந்தன. 1972 முதல் அவை இடித்துத் தகர்க்கப்பட்டன. வடிவமைப்புக் குறைகள் மட்டுமே அதற்குக் காரணமல்ல. கட்டுவதற்கு நடுவணரசு பணம் தந்தது. பராமரிப்போ வறியவரின் வாடகையை நம்பியிருந்தது. மக்கள் வெளியேற வாடகை குறைந்தது. வாடகை குறையப் பழுதுபார்ப்பு நின்றது. பழுது பெருக மேலும் பலர் வெளியேறினர். குறைந்த வாடகையை விரும்பும் குடியிருப்போரிடம் மின்தூக்கியின் ஆண்டுச் செலவு எவ்வளவு, அதை யார் ஏற்பது என்பதை மறைக்காமல் கூறி முடிவெடுக்கச் செய்வது, விருப்பத்தை மதிக்கும் திட்டமிடலின் ஒரு பகுதியே ஆகும். மக்கள் வீடமைப்புத் திட்ட வாடகை பராமரிப்புச் செலவை ஈடுசெய்யாத இடங்களில் இவ்வினா மலேசியாவுக்கும் பொருந்தும்.

1970களில் ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், தம் வீட்டைப் பற்றிய முடிவுகளில் பங்குகொண்ட மக்கள் அவ்வீட்டின் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதனைப் பேணுவர். பங்கற்றவர் சிறு குறையையும் பொறார் என வாதிட்டார். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய ‘பான் மன்கோங்’ திட்டம் இக்கருத்தைச் செயற்படுத்தியது எனலாம். அங்குக் குடிசைவாழ் மக்களே சேமிப்புக் குழு அமைத்து, நில உரிமையாளருடன் பேசி, மறுசீரமைப்பைத் திட்டமிடுகின்றனர். அரசு கடனும் மானியமும் தருகின்றது. சிலி நாட்டின் இக்கீக்கே நகரில் 2004இல் முடிந்த கின்ட்டா மொன்ராய் திட்டத்தில், ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு வீட்டின் ஒரு பாதி கட்டித் தரப்பட்டது. மறுபாதியைத் தம் வசதிக்கேற்ப அவர்களே கட்டிக்கொண்டனர். உயர்மாடிக் கட்டடங்களில் இவற்றை அப்படியே பின்பற்ற இயலாது. ஆயினும், உட்சுவர்களை மாற்றக்கூடியனவாக அமைத்துக் குடும்பம் பெருகும்போதும் சுருங்கும்போதும் அறைகளை மாற்ற இடமளிப்பது நமக்கும் இயலக்கூடியதே.

முடிவுரை

மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், வரைவுத் திட்டங்கள் மீது பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க வழி செய்கின்றது. அது நிலப் பயன்பாட்டின் அளவில் நின்றுவிடுகின்றது. படிக்கட்டின் திருப்பத்தை அது எட்டுவதில்லை. அதனை எட்டும் மூன்று நடைமுறைகளை இங்கு முன்மொழியலாம். முதலாவது, வரைபடம் உறுதி செய்யப்படுமுன் காத்திருப்போர் பட்டியலில் உள்ளோரிடமும், அதே வகைக் கட்டடத்தில் ஏற்கெனவே வாழ்வோரிடமும் மேற்கூறிய முறைகளில் தேவை அறிதல். இரண்டாவது, குடியேறிய ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் மறு ஆய்வு செய்து, அதன் முடிவை அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் சேர்த்தல். மூன்றாவது, எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதைக் குடியிருப்போருக்கு அவர்தம் மொழியில் தெரிவித்தல். விடை பெறாத வினா அடுத்த முறை கேட்கப்படும்போது எவரும் வாய் திறக்கமாட்டார்.

இத்துறையில் தமிழ் ஆய்வாளர்க்கும் பணி உண்டு. லயத்தில் பிறந்து அடுக்ககத்தில் முதுமை எய்தும் தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் எதை இழந்தனர், எதைப் பெற்றனர், எந்த வசதியை ஒருபோதும் கேட்கத் துணியவில்லை என்பதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்வது, பண்பாட்டு ஆய்வாக அமைவதோடு எதிர்கால வீட்டின் வரைபடத்திற்கும் அடிப்படையாகும். அடுத்த விண்ணப்பப் படிவத்தில் முழங்காலுக்கும் ஒரு வரி இடம்பெறுமாயின், அப்பதிவு பயன் தந்ததாகக் கொள்ளலாம்.